இரண்டு இயங்குதளங்களுக்கும் பொதுவான கோப்புகளை எங்கே வைப்பது?

மார்த்தாண்டத்தில் இருக்கும் என் சித்தி மகன் போன மாதம் புது லேப்டாப் வாங்கினான். 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. கல்யாண வீடுகளுக்குப் போட்டோ எடுப்பது அவன் தொழில். ஆல்பம் வடிவமைக்கும் மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். கூடவே பைத்தான் என்ற நிரல் மொழி படிக்கிறான், அதற்கு லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு வேண்டும் என்கிறான். இரண்டையும் ஒரே கணினியில் நிறுவுவது என்று முடிவு செய்துவிட்டான். நிறுவுவதில் அவனுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. போனில் கேட்டது ஒன்றே ஒன்று: "அக்கா, படம், பில்லு, படிக்கிற நோட்ஸ் எல்லாம் எங்க போட்டா ரெண்டு பக்கமும் எடுக்கலாம்?"

போனில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. தக்கலையில் எங்கள் வீட்டில் பத்து வருடத்துக்கு மேலாக இரண்டு இயங்குதளம் உள்ள ஒரு கணினிதான் ஓடுகிறது. அண்ணன் கல்யாணப் பத்திரிகையும் கோவில் கொடை நோட்டீசும் திருவிழா அழைப்பிதழும் அடிப்பது விண்டோஸில், பழைய பேஜ்மேக்கரில், பாமினி எழுத்துருவில். நான் எழுதுவதும் கணக்கு வைப்பதும் லினக்ஸில். கீழே சொல்லப்போகிற வழிகளில் பலவற்றை ஏதாவது ஒரு கட்டத்தில் நாங்களே செய்து பார்த்திருக்கிறோம். தம்பிக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நம் ஊர்களுக்கு இந்த ஏற்பாடு புதியதும் இல்லை. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த கணினிகளில், விண்டோஸுக்குப் பக்கத்திலேயே மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பட்டனை அழுத்தினால் எது வேண்டும் என்று கேட்கும். எங்கள் தெருவில் அப்படி வந்த நாலைந்து லேப்டாப்களைப் பார்த்திருக்கிறேன். லினக்ஸ் பக்கம் ஒரு முறை போன பிள்ளைகள் மறுமுறை போகவில்லை. கேட்டால் "அங்க என் ஃபைல் ஒண்ணும் இல்ல" என்பார்கள். ஒரு இயங்குதளத்தைக் கைவிட அது போதுமான காரணம்தான். நம் கோப்புகள் இல்லாத இடத்தில் யாரும் குடியிருக்க மாட்டார்கள். அதனால் இந்தக் கேள்வியை நிறுவி முடித்த பிறகு யோசிக்கலாம் என்று தள்ளிவைக்கக் கூடாது. டிஸ்க்கைப் பிரிக்கும்போதே முடிவு தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் ஒரு வழியை ஒதுக்கிவிடுகிறேன். லினக்ஸின் ஹோம் ஃபோல்டரையும் விண்டோஸின் யூசர் ஃபோல்டரையும் ஒன்றாகவே ஆக்கிவிடலாம் என்று ஆசை வரும். எனக்கும் வந்தது. ஆனால் அந்த ஃபோல்டர்களுக்குள் நம் கோப்புகள் மட்டும் இருப்பதில்லை. ஒவ்வொரு மென்பொருளும் தன் அமைப்புகளை மறைவான ஃபோல்டர்களில் எழுதி வைத்திருக்கிறது. லினக்ஸ் பக்கம் அவற்றுக்கு உரிமையாளர், அனுமதி, குறுக்கு இணைப்பு எல்லாம் சரியாக இருந்தாக வேண்டும். விண்டோஸின் கோப்பு முறைக்கு அந்த வழக்கம் வேறு. ஒரே பிரவுசரின் புரொஃபைலை இரண்டு பக்கமும் காட்டிக்கொடுப்பதும் அப்படித்தான். ஒரு பக்கம் புதிய பதிப்பு ஏறிவிட்டால், பழைய பதிப்பு உள்ள மறுபக்கத்தில் ஃபயர்ஃபாக்ஸ் அந்தப் புரொஃபைலைத் திறக்க மறுக்கும். புக்மார்க்கை அதனதன் கணக்கு வழியாக ஒத்திசைத்துக்கொள்ளலாம், மின்னஞ்சலை, சர்வரிலேயே விட்டுவைக்கும் ஐமேப் முறையில் வைத்துக்கொள்ளலாம். பகிர வேண்டியது ஆவணம், படம், பாட்டு, வீடியோ, டவுன்லோட் என்று நாமே பெயர் சொல்லக்கூடிய ஐந்தாறு ஃபோல்டர்கள் மட்டும்.

சரி, அந்த ஃபோல்டர்கள் எந்த வகைப் பார்ட்டிஷனில், அதாவது டிஸ்க்கைப் பிரித்த எந்த வகைப் பகுதியில், இருக்க வேண்டும்? இங்கேதான் உண்மையான ஒப்பீடு தொடங்குகிறது.

கோப்பு முறைகளில் ஃபேட்32 எல்லா இடத்திலும் திறக்கும், ஆனால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. கல்யாண வீடியோ எடுக்கிறவனுக்கு அது முதல் நாளே முட்டும். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

எக்ஸ்ஃபேட் கொஞ்சம் யோசிக்க வைக்கும். மைக்ரோசாஃப்ட் 2006-இல் கொண்டுவந்தது. அதன் விவரக்குறிப்பை 2019-இல் வெளியிட்ட பிறகு, 2020-இல் வந்த லினக்ஸின் உட்கருவான கெர்னல் 5.7-இல் அதற்கு நல்ல இயக்கி (டிரைவர்) சேர்ந்தது. 4 ஜிபி தடை இல்லை. கேமராவில் போடும் 64 ஜிபி, 128 ஜிபி கார்டுகள் எல்லாம் இந்த வகைதான். "கார்டுல ஒரு குறையும் இல்லையே அக்கா, அதையே உள்ளேயும் போட்டா என்ன?" என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. குறை மின்சாரம் போகும்போது தெரியும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸும் லினக்ஸின் எக்ஸ்ட்4-உம் டிஸ்க்கின் பதிவேட்டில் ஒரு மாற்றம் செய்வதற்கு முன்னால் அதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்கின்றன. நடுவில் மின்சாரம் போனாலும், அடுத்த முறை கணினியைத் திறக்கும்போது அந்தக் குறிப்பைப் பார்த்துப் பதிவேட்டைச் சரிசெய்துவிடும். எக்ஸ்ஃபேட்டில் அந்தக் குறிப்பேடு இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது நின்றுபோனால் ஒரு கோப்பு மட்டும் போகலாம், ஒரு ஃபோல்டரே குழம்பியும் போகலாம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. ஜூனில் தொடங்கினால் டிசம்பர் வரை மரம் விழுவதும் கம்பி அறுவதும் ஏதாவது ஒரு ஊரில் நடந்துகொண்டே இருக்கும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி வந்தபோது முதலில் லைட் இரண்டு மூன்று முறை போய்ப் போய் வந்தது, அப்புறம் போனதுதான். பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அன்று காலை அண்ணனின் மேஜைக் கணினி ஓடிக்கொண்டிருந்தது. அதன் பொது டிரைவ் என்டிஎஃப்எஸ், ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் செருகியிருந்த எக்ஸ்ஃபேட் பென்டிரைவில் பாதி ஃபோல்டர்களின் பெயர்கள் புரியாத குறிகளாகிவிட்டன. ஒரே ஒரு நிகழ்ச்சியை வைத்துச் சட்டம் எழுதக் கூடாது, தெரியும். ஆனால் காரணம் தெரிந்த பிறகு மறுபடியும் அந்த வகையில் என் ஒரே பிரதியை வைக்க எனக்கு மனம் வரவில்லை. லேப்டாப்பில் பேட்டரி இருப்பதால் ஆபத்து குறைவு என்பது உண்மை. பேட்டரி மூன்று வருடத்தில் எப்படி இருக்கும் என்பதும் நமக்குத் தெரியும்.

அடுத்தது என்டிஎஃப்எஸ். விண்டோஸின் சொந்த முறை. லினக்ஸில் இதைப் படிக்கவும் எழுதவும் என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற இயக்கி நீண்ட நாளாக உண்டு. 2021-இல் வந்த கெர்னல் 5.15 முதல் பாராகான் நிறுவனம் கொடுத்த வேறொரு இயக்கி கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டாவது வேகமானது. முதலாவது நெடுங்காலம் பழகியது, எங்கள் வீட்டில் அதுதான். ஆவணமும் படமும் திறக்கிற வேலைக்கு வேக வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

என் முடிவும் இதுதான்: ஒரே டிஸ்க், ஒரே கணினி, இரண்டு பக்கமும் எழுத வேண்டும் என்றால் தனி என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

2018-இல் என் மாமா மகள் கல்யாணம். வீட்டுக் கேமராவில் நான் எடுத்த படங்கள் அறுநூறுக்கு மேல் இருக்கும். முந்தின இரவு அண்ணன் விண்டோஸை ஷட் டவுன் செய்துவிட்டுப் படுத்தான். காலையில் நான் லினக்ஸில் திறந்து, கார்டில் இருந்த படங்களைப் பொது டிரைவில் புது ஃபோல்டர் போட்டு ஏற்றினேன். எல்லாம் திறந்தன, பார்த்தேன். கார்டை அழித்துக் கேமராவில் போட்டுவிட்டேன். சாயங்காலம் அண்ணன் விண்டோஸைத் திறந்தபோது அந்த ஃபோல்டரே இல்லை. மறுபடி லினக்ஸில் பார்த்தேன், அங்கும் இல்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி இருக்கிறது. ஷட் டவுன் என்று நாம் சொன்னாலும் விண்டோஸ் முழுதாக நிற்பதில்லை. தன் உட்கருவின் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கப் போகிறது. மறுநாள் எழுந்ததும் அந்த நினைவிலிருந்தே தொடர்கிறது. அந்த நினைவில் பொது டிரைவ் நேற்று இரவு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. நடுவில் லினக்ஸ் எழுதியது அதற்குத் தெரியாது. தனக்குத் தெரிந்த பழைய கணக்கின்படி மேலேயே எழுதிவிடும். என்டிஎஃப்எஸ்-3ஜியின் கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை.

இதில் ஏமாற வைப்பது என்னவென்றால், விண்டோஸில் ரீஸ்டார்ட் கொடுத்தால் இந்தத் தூக்கம் கிடையாது, முழுதாக நின்றுதான் எழும். ரீஸ்டார்ட் கொடுத்து லினக்ஸுக்குப் போகிறவர்களுக்கு மாதக்கணக்கில் ஒரு பிரச்சினையும் வராது. "எனக்கெல்லாம் சரியாத்தானே இருக்கு" என்பார்கள். என்றைக்கோ ஒரு இரவு ஷட் டவுன் செய்து காலையில் லினக்ஸைத் திறக்கும்போதுதான் அடி விழும். எங்களுக்கும் அப்படித்தான் விழுந்தது.

கார்டில் புதிதாக எதுவும் எடுக்காமல் இருந்ததால் ஃபோட்டோரெக் என்ற மென்பொருளை வைத்துப் பெரும்பகுதியை மீட்டேன். மீளாதவற்றில் தாத்தா மணமக்களுக்குத் திருநீறு பூசிய படங்களும் உண்டு. அடுத்த வருடம் தாத்தா இல்லை. அதனால்தான் இந்த ஒரு விஷயத்தை யார் கேட்டாலும் விடாமல் சொல்கிறேன்.

செய்ய வேண்டியது ஒரு நிமிட வேலை. விண்டோஸில் கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்று தேர்வு செய்யும் பக்கம். அங்கே "டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" என்பதில் இருக்கும் டிக்கை எடுத்துவிட வேண்டும். ஹைபர்னேட்டையும் பயன்படுத்தக் கூடாது. பெரிய அப்டேட் வந்தால் ஒரு தடவை போய்ப் பார்த்துக்கொள்வது நல்லது. இதைச் செய்யத் தயாராக இல்லாதவர்கள் என்டிஎஃப்எஸ் வழியை எடுக்க வேண்டாம். எஸ்எஸ்டியில் இந்த வசதி மிச்சப்படுத்துவது சில வினாடிகள்தான்.

மற்ற குறைகளோடு வாழ்ந்துவிடலாம். லினக்ஸில் இருந்து பார்த்தால் என்டிஎஃப்எஸ் டிரைவில் எல்லாக் கோப்பும் ஒரே உரிமையாளருக்கு, எல்லாமே இயக்கக்கூடியவை என்று தெரியும். ஆவணத்துக்கு அது பாதகமில்லை. நிரல் எழுதுகிறவர்களுக்கு இடைஞ்சல், அதனால் தம்பியின் பைத்தான் வேலை முழுவதும் லினக்ஸின் எக்ஸ்ட்4 பார்ட்டிஷனிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். நிரல்களின் பதிப்புகளைச் சேமிக்கும் கிட் வைத்திருந்தால் அதன் வழியாகவே மறுபக்கம் இழுத்துக்கொள்ளலாம். கோப்புப் பெயர்களில் லினக்ஸ் தாராளம், விண்டோஸ் கறார். "முகூர்த்தம் 10:30" என்று முக்காற்புள்ளி வைத்து லினக்ஸில் பெயர் வைத்தால் விண்டோஸ் அந்தக் கோப்பைத் திறக்காது. கேள்விக்குறி, நட்சத்திரக்குறி எல்லாம் அப்படித்தான். டிரைவை இணைக்கும் அமைப்பிலேயே விண்டோஸ் பெயர் விதிகளைக் கடைப்பிடிக்கச் சொல்லும் ஒரு தேர்வு உண்டு, அதைப் போட்டுவிட்டால் லினக்ஸே அப்படிப்பட்ட பெயரை மறுத்துவிடும்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை ஆங்கிலத்தில் பெயர் வைப்பவர்கள் அநேகமாகச் சந்திப்பதே இல்லை. எக்ஸ்ட்4-இல் ஒரு பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். யூனிகோடில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் அங்கே 3 பைட் எடுக்கும், புள்ளியும் துணைக்கால்களும் தனித்தனிக் குறிகள். "கன்னியாகுமரி" என்ற ஒரு சொல்லுக்கே 12 குறிகள், 36 பைட். ஆக மொத்தம் 85 குறிகளோடு முடிந்தது. என்டிஎஃப்எஸ்ஸில் 255 குறிகள் வரை போகலாம். கோவில் பெயர், ஊர், மாதம், ஆண்டு, எத்தனையாவது திருவிழா என்று அண்ணன் விண்டோஸில் வைத்த நீளப் பெயர்களை லினக்ஸ் பார்ட்டிஷனுக்கு நகலெடுக்கப் போனால் பெயர் மிக நீளம் என்று நின்றுவிடும். பொதுக் கோப்புகள் என்டிஎஃப்எஸ்ஸிலேயே இருந்தாலும், பெயரைச் சுருக்கமாக வைப்பது நல்லது.

இதற்கு நேர் எதிரான வழி, பொதுக் கோப்புகளை லினக்ஸின் எக்ஸ்ட்4-இல் வைத்து விண்டோஸிலிருந்து படிப்பது. லினக்ஸில் பெரும்பாலான நேரம் இருப்பவர்களுக்கு இது மனத்துக்குப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் விண்டோஸ் பக்கம் உதவி பலவீனம். இலவசமாக எழுதவும் அனுமதித்த பழைய இயக்கி ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்கப்படவில்லை. விண்டோஸ் 11-இல், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வழியாக எக்ஸ்ட்4 டிஸ்க்கை இணைக்க முடியும். ஆனால் முழு டிஸ்க்கைத்தான் இணைக்க முடியும், விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் அதே டிஸ்க்கில் உள்ள பார்ட்டிஷனை முடியாது. ஒரே எஸ்எஸ்டி உள்ள லேப்டாப்புக்கு அத்தோடு கதவு மூடியது. இரண்டு டிஸ்க் உள்ள மேஜைக் கணினிக்கு இது நல்ல வழி. எப்போதாவது ஒரு கோப்பை எடுத்துப் பார்க்க மட்டும் வேண்டும் என்றால், படிக்க மட்டும் அனுமதிக்கும் இலவச மென்பொருள் போதும்.

மேகத்தில், அதாவது இணையச் சேமிப்பில், வைத்துவிடலாமே என்று பலரும் சொல்வார்கள். பில், நோட்ஸ் போன்ற சின்னக் கோப்புகளுக்குச் சரி. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. ஒரு கல்யாணத்துக்கே அது போதாது. கூகுள் டிரைவுக்கும் ஒன்டிரைவுக்கும் லினக்ஸில் அதிகாரபூர்வ மென்பொருள் இல்லை, பிரவுசரில் திறக்க வேண்டும் அல்லது பிறர் எழுதிய கருவிகளை நம்ப வேண்டும். இன்னொரு செலவையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டு பக்கமும் ஒத்திசைத்தால் ஒரே கோப்பு ஒரே டிஸ்க்கில் இரண்டு தடவை இடம் பிடிக்கும்.

சிங்க்திங் என்ற ஒத்திசைப்பு மென்பொருள் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. யார் சர்வரிலும் கோப்பைச் சேமிக்காமல் நம் கருவிகளுக்குள்ளேயே ஒத்திசைக்கும். ஆனால் ஒரே கணினியின் இரண்டு இயங்குதளங்கள் ஒரே நேரத்தில் விழித்திருப்பதில்லை. ஒன்றோடொன்று பேசவே முடியாது. நடுவில் எப்போதும் ஓடும் மூன்றாவது கருவி ஒன்று வேண்டும். பழைய லேப்டாப்போ, ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியோ வீட்டில் சும்மா கிடந்தால் அதைச் செய்யலாம். அப்படி ஒன்று இருந்தால் நான் இன்னும் ஒரு படி போய், அதில் பெரிய டிஸ்க்கைப் போட்டு சாம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள் வழியாக வீட்டு நெட்வொர்க்கில் பகிர்வேன். அப்போது எந்தப் பார்ட்டிஷன் என்ற கேள்வியே எழாது. இரண்டு பக்கமும் அதை ஒரு நெட்வொர்க் ஃபோல்டராகத்தான் பார்க்கும். வீட்டில் உட்கார்ந்து வேலை செய்கிற அண்ணனுக்கு இதுதான் பொருத்தம், அடுத்த வருடம் இதற்கு மாறுவதாக இருக்கிறோம். குலசேகரத்திலும் குளச்சலிலும் மண்டபம் மண்டபமாகப் போகிற தம்பிக்கு ஒத்துவராது.

வெளி டிஸ்க்கைப் பொது இடமாக வைப்பவர்களும் உண்டு. கழற்றும்போது மறக்காமல் எஜெக்ட் கொடுத்தால் வேலை நடக்கும். என் கருத்தில் வெளி டிஸ்க்குக்கு வேறு வேலை இருக்கிறது: பொது டிரைவின் இரண்டாவது பிரதி. இரண்டு இயங்குதளத்திலும் ஒரு கோப்பு தெரிகிறது என்பதால் இரண்டு கோப்பு இருக்கிறது என்று ஆகாது. எஸ்எஸ்டி ஒன்று போனால் இரண்டு பக்கமும் சேர்ந்தே போகும்.

புது விண்டோஸில் வேறு இரண்டு தொல்லைகள் உண்டு. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால், டிஸ்க் தானாகவே மறையாக்கம் (என்கிரிப்ஷன்) ஆகிவிடும். பொது டிரைவும் அதில் சேர்ந்தால் லினக்ஸ் கடவுச்சொல் கேட்கும். லினக்ஸின் கிரிப்ட்செட்டப் என்ற கருவி அதைத் திறக்கும், ஆனால் ரெக்கவரி கீ என்ற நீளமான எண் கையில் இருக்க வேண்டும். லேப்டாப் தொலைந்தால் வாடிக்கையாளர்களின் படங்கள் யார் கையிலோ போகும் என்பதால் மறையாக்கம் நல்லதுதான், அதை அணைக்கச் சொல்ல மாட்டேன். அடுத்து, ஒன்டிரைவ் தன் பேக்கப்பில் டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களைத் தன் இடத்துக்கு இழுத்துக்கொள்ளும், சில கோப்புகளை மேகத்தில் மட்டும் வைத்துவிட்டு இங்கே பெயரை மட்டும் காட்டும். லினக்ஸிலிருந்து அவை திறக்காது. பொது டிரைவுக்கு மாறும் முன் அந்தப் பேக்கப்பை நிறுத்திவிட வேண்டும்.

கடிகாரமும் உண்டு. விண்டோஸ் கணினியின் உள் கடிகாரத்தை நம் நேரத்தில் வைக்கும், லினக்ஸ் உலகப் பொது நேரத்தில். அதனால் லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் நேரம் ஐந்தரை மணி பின்னால் காட்டும், அப்போது சேமித்த கோப்பின் தேதியும் தவறும். லினக்ஸ் பக்கம் உள்ளூர் நேரம் என்று ஒரு தடவை அமைத்தால் போதும்.

தம்பிக்கு முடிவு இப்படி: அவன் எஸ்எஸ்டி விண்டோஸ் கணக்கில் 476 ஜிபி காட்டும். விண்டோஸுக்கு 120, உபுண்டுவுக்கு 60, மீதி ஏறக்குறைய 290-உம் தனி என்டிஎஃப்எஸ் டிரைவ். விண்டோஸில் டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் ஒவ்வொன்றின் பிராப்பர்ட்டீஸில் லொகேஷனை அந்த டிரைவுக்கு மாற்றுவது. உபுண்டுவில் அதே டிரைவ் தொடக்கத்திலேயே இணையும்படி செய்து, அதே ஃபோல்டர்களை ஹோமில் காட்டுவது. டிரைவ் கிடைக்காவிட்டாலும் உபுண்டு திறக்கும்படி அந்த அமைப்பில் நோஃபெயில் என்ற தேர்வையும் சேர்ப்பது. ஆல்பம் முடிந்ததும் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்குக்கும் ஒரு பிரதி.

ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு வீட்டுக்கு வருகிறான். பார்ட்டிஷனைத் தொட்ட பிறகு விண்டோஸ் ரெக்கவரி கீ கேட்க வாய்ப்பு உண்டு. "மக்கா, அந்த நம்பரை மைக்ரோசாஃப்ட் கணக்குல இருந்து எடுத்து ஒரு பேப்பர்ல எழுதிக் கொண்டு வா, அது இல்லாம டிஸ்க்குல கை வைக்க மாட்டேன்" என்று சொல்லியிருக்கிறேன்.